ரிப்போர்ட்டில் இல்லாத கேள்வி

1973-இல் உலக வங்கியும் ஸ்வீடனும் நிதி கொடுத்து முதல் இந்திய மக்கள்தொகைத் திட்டம் தொடங்கியது. அதற்குத் தேர்வான இரண்டே மாநிலங்கள் உத்தரப் பிரதேசமும் கர்நாடகமும். கட்டடம், வண்டி, நர்ஸ் பயிற்சி எல்லாம் வந்தன. கூடவே ஒரு புதிய வேலையும் வந்தது: வாங்கிய பணம் என்ன செய்தது என்று எழுதிக் காட்டுவது. அதை ஆராயவே பெங்களூரில் ஒரு மக்கள்தொகை மையம் அமைத்தார்கள். பல வருடம் கழித்து நான் இதே ஊரில் ஏ.என்.எம். (துணை நர்ஸ்-மருத்துவச்சி) வேலையில் சேர்ந்தபோது, கணக்கு எழுதுவது எங்கள் துறையின் இரண்டாவது தொழிலாகவே ஆகியிருந்தது.

கர்ப்பிணிகளின் ரெஜிஸ்டர் இரு கை விரித்துப் பிடிக்க வேண்டிய நோட்டு. பெயர், புருஷன் பெயர், எத்தனாவது கர்ப்பம், கடைசி மாதவிலக்குத் தேதி, பிரசவத்துக்குக் கணக்கிட்ட தேதி, டி.டி. ஊசி ஒன்று, இரண்டு, இரும்புச்சத்து மாத்திரை நூறு என்று கட்டங்கள் ஓடும். மாதக் கடைசியில் ஒவ்வொரு கட்டத்தையும் கூட்டி, பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதி, மேலே அனுப்புவோம். மாத்திரை கொடுத்ததற்குக் கட்டம் உண்டு, அவள் சாப்பிட்டாளா என்பதற்குக் கிடையாது. குமட்டுகிறது என்று பாதியைத் தூக்கிப் போட்டவளும் நூறு மாத்திரைக் கணக்கில்தான் வருவாள்.

மீட்டிங்கில் அந்த மாத்திரையைக்கூட யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் கருத்தடை ஆபரேஷன் டார்கெட். 1996 ஏப்ரலில் மத்திய அரசு நாடு முழுக்க அந்த டார்கெட்டை எடுத்தபோது எனக்கு மூச்சு வந்தது. பெண்ணை ஒரு எண்ணாகப் பார்க்கச் சொன்ன அந்த முறை போனது நல்லது என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

எண்ணுவதில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். "சிஸ்டர், ஆம்பூருக்குப் போறேன், குழந்தையோட வந்து ஊசி போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வளைகாப்பு முடிந்த கையோடு ரயிலேறிவிடுவார்கள். பதிவு கர்நாடகத்தில், பிரசவம் தமிழ்நாட்டில். எங்கள் நோட்டில் பிரசவக் கட்டம் காலியாகக் கிடக்கும். அவள் நல்லபடியாகப் பெற்றாளா, ரத்தப்போக்கில் தவித்தாளா என்று சொல்ல இரண்டு மாநில ரிப்போர்ட்டிலும் இடமில்லை.

90-களில் உலக வங்கி நிதியில் எட்டாவது இந்திய மக்கள்தொகைத் திட்டம் வந்தது. பெங்களூர், கல்கத்தா, டெல்லி, ஹைதராபாத் நகரங்களின் குடிசைப் பகுதிகளுக்கான பணம் அது. அந்தந்தப் பகுதிப் பெண்களையே லிங்க் ஒர்க்கராக எடுத்தார்கள். எனக்குத் தெரிந்து நடந்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று. வீட்டுக்கு வீடு யார் முழுகாமல் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த பாடம் அரசுக்கு வெளியிலிருந்து வந்தது. சாமுவேல் பால் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். 1994-இல் பெங்களூரில் பப்ளிக் அஃபையர்ஸ் சென்டரைத் தொடங்கினார். தண்ணீர், மின்சாரம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மக்களே மார்க் போடும் ரிப்போர்ட் கார்டு அவருடைய வழி. பிறகு அந்த அமைப்பு மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரிகளில் பெற்ற ஏழைத் தாய்மார்களிடமே நேரில் போய்க் கேட்டது. இலவசம் என்று எழுதியிருந்த இடத்தில் பலரும் கைக்காசு கொடுத்திருந்தார்கள். பெற்ற குழந்தையைக் கண்ணால் பார்க்கக்கூடக் காசு, அதிலும் ஆண் குழந்தை என்றால் கூடுதல்! எத்தனை பிரசவம் என்று அத்தனை வருடம் மேலே போன கணக்கு எதிலும் இது வந்ததில்லை. படித்தபோது என் வயிறு எரிந்தது. 2005-இலும் நியூயார்க் டைம்ஸ் பெங்களூரின் இதே வழக்கத்தைப் பற்றி எழுதியது.

அதே 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கமும் ஜனனி சுரக்ஷா யோஜனாவும் வந்தன. கர்நாடகத்தில் ஆஸ்பத்திரியில் பெறும் ஏழைப் பெண்ணுக்கு கிராமத்தில் 700 ரூபாய், நகரத்தில் 600. 2009 கடைசியில் தாய் சேய் கண்காணிப்பு முறை வந்தது. வெறும் எண்ணிக்கை போய், ஒவ்வொரு தாயையும் பெயரோடு கம்ப்யூட்டரில் ஏற்றினோம். கர்நாடகத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் தாயி கார்டில் அவளுக்கென்று ஒரு நம்பர். தமிழ்நாட்டிலும் கர்ப்பிணிகளுக்குப் பிக்மி என்ற பதிவு நம்பர் வந்தது.

பலன் இல்லாமல் இல்லை. 2004-06-இல் கர்நாடகத்தில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 213 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 69. இந்த எண்கள் எங்கள் ரெஜிஸ்டரிலிருந்து வந்தவை அல்ல. மாதிரிப் பதிவு முறையில், தேர்ந்தெடுத்த பகுதிகளில் ஒருவர் பிறப்பு இறப்பைத் தொடர்ந்து எழுதுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொருவர் தனியாக வீடு வீடாகப் போய்க் கேட்பார். பிறகு இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். நாடே நம்பும் எண், வீட்டு வாசலில் நின்று கேட்டதால் கிடைத்தது.

தாயைக் கேட்கும் வழி இப்போது அரசுத் திட்டத்துக்குள்ளும் வந்திருக்கிறது. 2016-இல் வந்த மேரா அஸ்பதால் முறையில் நோயாளியின் போனுக்கே கேள்வி வரும். 2017-இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டம் பிரசவ அறைக்கு மார்க் போடும்போது தாயின் திருப்தியையும் கேட்கிறது. உங்கள் வீட்டுப் பெண் அரசு ஆஸ்பத்திரியில் பெற்று வந்த பிறகு அப்படி ஒரு போன் வந்தால், தயவுசெய்து கட் பண்ணாதீர்கள். அவள் கையில் போனைக் கொடுங்கள், நடந்ததை அவளே சொல்லட்டும்.