பழைய ஒளிப்படங்களில் நீராவி எஞ்சின்களை இனங்காணல்

பழைய ரயில் படங்கள் பலவற்றில் ஆண்டோ இடமோ எழுதப்பட்டிருப்பதில்லை. எழுதியிருப்பதும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. படத்திலுள்ள எஞ்சினின் வகையை அறிந்தால் படத்தின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

சக்கர அமைப்பு

முதலில் சக்கரங்களை எண்ண வேண்டும். முன்னால் உள்ள சிறு சக்கரங்கள், நடுவில் தண்டால் இணைக்கப்பட்ட பெரிய இயக்கு சக்கரங்கள், பின்னால் உள்ள சிறு சக்கரங்கள் என மூன்று தொகுதிகளாக எண்ணுவது வைட் முறை. படத்தில் ஒரு பக்கமே தெரிவதால் ஒவ்வோர் எண்ணையும் இரட்டிக்க வேண்டும். 2, 3, 1 எனத் தெரிந்தால் அது 4-6-2 வகை.

முகமும் உடலும்

சக்கரக் கணக்கு மட்டும் போதாது. அகலப்பாதையின் டபிள்யூ.பி., மீட்டர்பாதையின் ஒய்.பி. ஆகிய இரண்டுமே 4-6-2 வகைதான். குவிந்த கூம்பு வடிவ முகம் இருந்தால் அது டபிள்யூ.பி. இவ்வகை 1947இல்தான் இந்தியாவுக்கு வந்தது. ஆகவே, 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில் என்று கூறப்படும் படத்தில் இந்த முகம் தெரிந்தால், அக்குறிப்பு தவறு என உறுதியாகச் சொல்லலாம்.

நீலகிரி எஞ்சின்

நீலகிரி மலைப்பாதையின் எக்ஸ் வகை 0-8-2 அமைப்புடையது. தனி நீர்வண்டி இதற்குக் கிடையாது. பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த சிலிண்டர்கள் இதன் சிறப்பு அடையாளம். கீழுள்ளவை சாதாரண சக்கரங்களையும், மேலுள்ளவை பல்சக்கரங்களையும் இயக்குகின்றன. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914 முதல் இவை கட்டப்பட்டன. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறக்கப்பட்டதோ 1899இல். எனவே இந்த எஞ்சின் உள்ள படம் அத்திறப்பு விழாவின் படமாக இருக்க முடியாது.

எழுத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 1920களின் இந்தியத் தரவகைகளில் எக்ஸ் என்பது அகலப்பாதையையும், ஒய் என்பது மீட்டர்பாதையையும் குறித்தன. நீலகிரியின் எக்ஸ் எஞ்சினோ மீட்டர்பாதையில் ஓடுவது. எழுத்தை மட்டும் நம்பினால் பாதையே மாறிவிடும்.

எண்ணும் தகடும்

1950களின் பிற்பகுதியில் அகில இந்திய எண்முறை வந்தது. 37386 போன்ற ஐந்து இலக்க எண் தெரியும் நீலகிரிப் படம் அதற்குப் பிந்தையது. கட்டுமானத் தகடு தெளிவாகத் தெரிந்தால் அதுவே வலுவான சான்று. எழுத்துகள் இடவலமாக மாறியிருந்தால் படம் தலைகீழ்ப் பக்கமாக அச்சிடப்பட்டது என்று பொருள்.

தகட்டிலுள்ள ஆண்டு எஞ்சின் பிறந்த ஆண்டே. படம் எடுத்த ஆண்டு அன்று. நீராவி எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் உழைத்தவை. ஆகவே எஞ்சினைக் கொண்டு "இதற்கு முன் அன்று" என்று சொல்லலாம். "இந்த ஆண்டுதான்" என்று சொல்ல நிலையம், உடை, பெட்டிகள் போன்ற பிற சான்றுகளும் வேண்டும்.