எட்டு பவுண்டு பேஸும் திரும்ப வராத ஃப்ரெட்டுகளும்

மலிவா ஒரு பேஸ் கிட்டார் வாங்கிட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமா உட்கார்றவங்க எல்லாருக்கும் ஒரு முன்னோடி இருக்கார். அவர் கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி, 1951-க்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்.

அதுவரைக்கும் பேஸ்னாலே ஆளுயர டபுள் பேஸ்தான். வயலின் மாதிரி, அதன் கழுத்துல ஃப்ரெட் கிடையாது. விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் சுருதி விலகிடும். கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் அந்த ஆண்டு கொண்டுவந்த எலெக்ட்ரிக் பேஸில் உலோக ஃப்ரெட்டுகள் இருந்தன. நம்ம வீணையோட மெட்டு மாதிரி. யார் வாசிச்சாலும் சுருதி துல்லியமா நிற்கும். அதனாலதான் அதுக்குப் பேரே 'பிரிசிஷன்' பேஸ்.

இப்போ 1961, இங்கிலாந்து. வில்லியம் பெர்க்ஸ்னு ஒரு இளைஞர், ஒரு கச்சேரியில் எலெக்ட்ரிக் பேஸ் ஒலியைக் கேட்டுச் சொக்கிப் போறார். ஃபெண்டர் வாங்கக் காசில்லை. எட்டு பவுண்டுக்குப் பழைய டல்லஸ் டக்ஸீடோ பேஸ் ஒன்றை வாங்கினார். இவருக்கோ சின்னக் கை. உடல் பகுதியை வெட்டிச் சிறிதாக்கி, ஓரங்களை இழைத்தார். தேய்ந்த ஃப்ரெட்டுகள் கடகடன்னு அதிர்ந்ததால், புதுசு போட்டுக்கலாம்னு எல்லாத்தையும் பிடுங்கினார். நடுவில் சும்மா வாசித்துப் பார்த்தால், ஒலி முன்னைவிட நல்லா இருக்கு! புது ஃப்ரெட் போடவே இல்லை.

ஏன் அப்படி? ஃப்ரெட் இருந்தால் கம்பி உலோகத்தில் முட்டி நிற்கும், ஒலி 'டிங்'னு தெறிக்கும். ஃப்ரெட் இல்லாதப்போ கம்பி மரத்தோடு உரசி, விரல் சதையால் கொஞ்சம் அடங்கி, 'ம்வா'ன்னு மலரும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகலாம். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1962 டிசம்பரில் அவர் ஒரு புது பேண்டில் சேர்ந்தார். அவங்களுக்கு இவரைவிட இவரோட ஆம்ப்ளிஃபயர் மேலதான் கண்ணுன்னு சொல்வாங்க. பேண்டின் பேர் ரோலிங் ஸ்டோன்ஸ்; பெர்க்ஸ், பில் வைமன் ஆனார்.

கம்பெனிகள் மெதுவாத்தான் வந்தன. ஆம்பெக் 1966-ல் ஃப்ரெட்லெஸ் பேஸ் விற்றது. ஃபெண்டர், அதே பிரிசிஷனை, ஃப்ரெட் இல்லாமல் விற்க 1970 ஆச்சு.

அப்புறம் ஃப்ளோரிடாவின் ஜாக்கோ பாஸ்டோரியஸ். தன்னோட 1962 ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி எடுத்ததாச் சொல்வார். வாங்கும்போதே ஃப்ரெட் இல்லைன்னும் இன்னொரு தடவை சொல்லியிருக்கார். எதை நம்புறதோ! ஆனால் முரட்டுக் கம்பிகள் மரத்தை அரிச்சிடாமல் இருக்க, படகுக்குப் பூசுற எபாக்ஸியைக் கழுத்தில் பூசினார். அந்தப் பளபளப்பு ஒலியிலேயே கேட்கும். 1976-ல் அவர் பேரிலேயே வந்த முதல் ஆல்பத்தை, நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்க.