தணலும் திரியும்

பட்டாசின் வரலாற்றை எழுத வந்த யாரும் வெடியுப்பு, கந்தகம், கரி என்று மருந்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் சீனா. அப்புறம் நம்மூருக்கு வந்தால் விஜயநகரம். 1443-இல் அங்கே வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் மகாநவமி விழாவின் வாணவேடிக்கையைப் பார்த்து எழுதிய குறிப்பு. பி.கே. கோடே இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றைத் தொகுத்தபோது, ஒடிசாவின் கஜபதி மன்னர் பிரதாபருத்திர தேவரின் ‘கௌதுகசிந்தாமணி’யில் உள்ள மருந்துக் கலவைகளையும் எடுத்துக்காட்டினார். எல்லாம் சரி. அந்த வாணத்தைப் பத்த வெச்சது யார்? எதை வெச்சு? எவ்வளவு தூரத்தில் நின்னு? இதைக் கேட்டால் அரசர்கள் எல்லாம் காணாமல் போய்விடுகிறார்கள். ஒரு கையும் ஒரு நெருப்பும்தான் மிச்சம்.

புதுச்சேரிப் பக்கம் இந்தக் கேள்விக்கு ரெண்டு பழைய பதில்கள் உண்டு. ஒன்று கோட்டையிலிருந்து, இன்னொன்று பனையிலிருந்து.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் (1736–1761) புரட்டியவர்களுக்குத் தெரியும், அதில் பீரங்கி போடாத நாளைத் தேட வேண்டியிருக்கும். கப்பல் வந்தால், பெரிய மனுஷர் வந்தால், பண்டிகை வந்தால் மரியாதை வேட்டு. அந்தக் காலத்துப் பீரங்கியைப் பத்த வைக்க ஒரு நீண்ட கோல். அதன் நுனியில் வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயப்போட்ட கயிறு, சுவாலை இல்லாமல் மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும். பீரங்கியின் பின்புறத் துளையில் அந்த நுனியைத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். தீபாவளிக்கு நாம் குச்சி நுனியில் ஊதுவத்தியைக் கட்டி லட்சுமி வெடியைத் தொடுகிறோமே, அதே ஏற்பாடு. நீளமான கோல், நுனியில் கனல். சுவாலை கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காற்றில் சுவாலை ஆடும், அணையும், எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. கனல் தொட்ட இடத்தை மட்டும் பிடிக்கும்.

பனை சொல்லும் பதில் இதைவிட எளிமையானது. சுத்துக்கேணி, வில்லியனூர், பாகூர் வட்டாரங்களிலும் ஒட்டியிருக்கும் விழுப்புரம், கடலூர் கிராமங்களிலும் வாணவேடிக்கை என்றால் தீபாவளி பாதிதான். மீதி கார்த்திகையில் சுற்றும் மாவலி. ஆண் பனையின் பூவைக் காயவைத்து, குழியில் போட்டு எரித்து, முழுக்கச் சாம்பலாகிவிடாமல் மண்ணால் மூடிக் கரியாக்க வேண்டும். அந்தக் கரியை நுணுக்கிப் பழைய பருத்தித் துணியில் குழல் போலச் சுருட்டி இறுக்கிக் கட்டணும். பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே அதைச் செருகிக் கட்டி, மேலே ஒரு கயிறு. பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டாம். அடுப்பிலிருந்து ஒரு தணலை எடுத்துத் துணியின் நுனியில் வைத்து ஊதினால் போதும். பிடித்துக்கொண்டதும் தலைக்கு மேலே சுழற்றுவார்கள். சுற்றச் சுற்றக் காற்று பட்டுக் கரி சிவக்கும், பொறி வட்டமாகக் கொட்டும். வெடியுப்பே இல்லாத வாணம் இது. ஆக்ஸிஜனை ரசாயனம் கொடுப்பதில்லை, பையனின் கை கொடுக்கிறது. கை நின்றால் பொறியும் நிற்கும்.

ஒரு சின்ன விலகல். சுத்துக்கேணி தொல்லியல் படித்தவர்களுக்கு வேறு காரணத்துக்காகத் தெரிந்த பெயர். கசால் தம்பதியர் இங்கே பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தோண்டி 1956-இல் நூலாக வெளியிட்டார்கள். சுத்துக்கேணி என்றால் ஆய்வாளர்களுக்குத் தங்க நகைகள் ஞாபகம் வரும். மண்ணில் புதைத்த நகை ரெண்டாயிரம் வருஷம் தாங்குகிறது. மாவலி மாதிரியான ஒன்று ஒரே ராத்திரியில் சாம்பலாகிவிடும். அதனால்தான் இதற்கெல்லாம் அருங்காட்சியகம் கிடையாது.

கடையில் வாங்கும் நெருப்பு வந்தது ரொம்பப் பின்னாடி. இங்கிலாந்தில் ஜான் வாக்கர் 1827-இல் விற்க ஆரம்பித்த உரசுகுச்சி, பிறகு எங்கே தேய்த்தாலும் பற்றும் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி. அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியதால் பல நாடுகள் தடை செய்தன. பிரிட்டிஷ் இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. ஸ்வீடனும் ஜப்பானும் தீப்பெட்டி அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு. பத்த வைக்கும் பொருளும் பத்திக்கொள்ளும் பொருளும் ஒரே ஊரிலிருந்து வர ஆரம்பித்தன.

பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு அந்தப் பெட்டி வருவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. 1949-இல் இந்தியாவுடனான சுங்க ஒன்றியம் முறிந்தபின், சிவகாசி என்பது சட்டப்படி எல்லைக்கு அந்தப்பக்கம். இந்தியக் கிராமமும் பிரெஞ்சுக் கிராமமும் பின்னிக்கிடந்த வட்டாரத்தில் வழியெல்லாம் சாவடி. மாவலிக்கு அந்தத் தொல்லை இல்லை, பனைமரம் எல்லை பார்ப்பதில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, அதில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. அந்த வருஷத் தீபாவளி இரண்டுக்கும் நடுவே, அக்டோபர் கடைசி வாரத்தில் விழுந்தது. அதுதான் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இங்கே கொளுத்திய கடைசித் தீபாவளி.

இனி திரி. என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் பெரிய மாற்றம் இதுதான். கோல் நமக்கு இடத்தால் தூரம் கொடுத்தது, திரி நேரத்தால் கொடுத்தது. சுரங்கத்தில் பாறை வெடிக்கும்போது ஆட்கள் சாவதைப் பார்த்த கார்ன்வாலின் வில்லியம் பிக்ஃபோர்ட், 1831-இல் வெடிமருந்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் நூலை முறுக்கிய பாதுகாப்புத் திரியைப் பதிவு செய்தார். ஓர் அடி எரியச் சுமார் அரை நிமிஷம். நம் பட்டாசுத் திரி அதைவிட எளிய சாதி: பருத்தி நூலில் மருந்துக் குழம்பைப் பூசிக் காயவைத்துத் தாள் சுற்றியது. நுனித்தாளைக் கொஞ்சம் உரித்து மருந்தை வெளியே தெரிய வைத்தால் ஊதுவத்தி பட்டதும் பிடிக்கும். அதிகமாக உரித்தால் ஓட நேரமிருக்காது. இதை எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை, ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒரு மாமா சொல்லிக்கொடுத்திருப்பார். பிடிக்காத வெடியிடம் மறுபடி குனியாதே, தண்ணியை ஊத்து என்பதையும் அவரேதான் சொன்னார். கம்பிமத்தாப்புக்கு மட்டும் ஊதுவத்தி போதாது, அகல் விளக்கு வேண்டும். அது எரியும் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அதைத்தான் நாம் குழந்தை கையில் ‘பயமில்லாதது’ என்று கொடுக்கிறோம்.

நமக்குக் கிடைக்கும் அந்தச் சில நொடிகளை யார் செய்கிறார்கள் என்பதையும் பார்க்கணும். சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் கருந்திரி என்பார்கள். உரிமம் இல்லாமல் வீடுகளில் திரி செய்வதும், போலீஸ் பிடிப்பதும், சில சமயம் பிடிப்பதற்கு முன்பே வீடு பற்றிக்கொள்வதும் அங்கே வழக்கமான செய்தி. ஆலைக்குள்ளும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாசலில் நிற்கும் பையன் ஓடித் தப்பிக்கும் நேரத்தை, ஓட முடியாத இடத்தில் உட்கார்ந்து ஒருவர் முறுக்கியிருக்கிறார்.

2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்து, வெடிக்கும் நேரத்தை ரெண்டு மணியாகச் சுருக்கியது. வட இந்தியாவுக்குப் பொருந்திய ராத்திரி நேரம் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடிக்கிற நமக்குப் பொருந்தாது என்று முறையிட்டபின், தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்த ரெண்டு மணி நேரத்தைத் தாங்களே பிரித்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். அந்த உத்தரவு எதிலும் மாவலி வராது. அதற்குத் திரியும் இல்லை, எரியும் நேரமும் இல்லை. பத்த வைத்தவன் விட்டுவிட்டு ஓட முடியாது, அணையும்வரை கயிறு அவன் கையில்தான்.