பூச்சிகளைப் படம்பிடித்த கதை

பூச்சிகளை மிக அண்மையில் நின்று படம்பிடிக்கத் தொடங்குவோர் இன்று முதலில் கேட்பது, எந்த வில்லையை வாங்குவது என்பதே. இத்துறையின் முன்னோடிகளை வாட்டிய கேள்வி வேறு. ஓடித் திரியும் உயிரொன்றை அசையாமல் நிறுத்துவது எவ்வாறு?

ஒளிப்படக்கலை பிறக்குமுன்னரே இச்சிக்கல் பிறந்துவிட்டது. 1665 இல் 'மைக்ரோகிராபியா' நூலை வெளியிட்ட றொபேட் ஹூக், நுணுக்குக்காட்டியின் கீழ் எறும்பொன்றை வைத்து வரைய முற்பட்டார். அது நிற்கவில்லை, கொன்றாலோ உடல் சுருங்கிவிட்டது. ஈற்றில் அதற்கு மதுசாரம் ஊட்டி மயக்கினார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிடந்த எறும்பு, போதை தெளிந்ததும் எழுந்து ஓடிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

கமரா வந்தபின் தொல்லை கூடியதேயன்றிக் குறையவில்லை. பொருளொன்றின் உருவம் அதன் உண்மை அளவிலேயே படச்சுருளில் விழவேண்டுமாயின், 50 மில்லிமீற்றர் வில்லையை வழமையான இடத்திலிருந்து மேலும் 50 மில்லிமீற்றர் முன்னே நகர்த்த வேண்டும். அப்போது சுருளை அடையும் ஒளியின் செறிவு காற்பங்காகிவிடும். உருவத்தைப் பெருப்பிக்கப் பெருப்பிக்கக் கமரா நீளும், ஒளி மங்கும். தெளிவு வேண்டி வில்லையின் துவாரத்தைச் சுருக்கினால் இன்னும் மங்கும். எனவே ஒளியை நெடுநேரம் படவிட வேண்டியிருந்தது. எந்தத் தத்துவெட்டி அவ்வளவு நேரம் பொறுத்திருக்கும்?

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தாவரவியலாளர் டேவிட் ஃபெயார்சைல்டும், தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் மகளான அவர் மனைவி மரியனும் இதற்கு ஒரு வழி கண்டனர். ஆளுயரத்தையும் மிஞ்சும் நீளமான கமரா ஒன்றைத் தம் வீட்டில் அமைத்தனர். தோட்டத்துப் பூச்சிகளைக் கொன்று, கால்களையும் உணர்கொம்புகளையும் உயிரோடிருப்பது போல ஒழுங்குபடுத்தி நிறுத்திப் படமெடுத்தனர். 1914 இல் நஷனல் ஜியோகிரபிக் சங்கம் வெளியிட்ட அவர்களது 'அரக்கர்களின் நூல்' சிலந்தியையும் வெட்டுக்கிளியையும் நேருக்கு நேர் முகம் பார்க்க வைத்தது.

பத்திரிகைத் தொழிலில் ஊறியவனுக்கு இங்கே ஒரு நெருடல். அப்படங்களில் உள்ள முகம் உண்மையானது. நிற்கும் தோரணையோ மனிதர் கொடுத்தது. ஆனால் பூச்சிகளைத் தயார்செய்த முறையை அவர்கள் நூலிலேயே விளக்கிவிட்டனர். ஆகையால் அதனைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நேரெதிர் அனுபவம் இங்கிலாந்தின் பேர்சி சிமித்துக்கு. கல்விச் சபையில் எழுதுவினைஞராக இருந்த அவர், ஈயின் நாக்கை எடுத்த படமொன்றால் திரைப்படத் தயாரிப்பாளர் சார்ள்ஸ் ஏர்பனின் கண்ணில் பட்டவர். 1908 இலும் 1910 இலும் வெளிவந்த அவரது குறும்படங்களில், மல்லாந்த நிலையில் பிணைக்கப்பட்ட ஈ, தன்னைவிடப் பெரிய பந்தைக் கால்களால் உருட்டுகிறது. ஈ உயிருள்ளது, அசைவும் அதனுடையதே. ஆயினும் பார்த்தோர் பலர் இது ஏதோ தந்திரம் என்றே ஐயுற்றனர்.

கொல்லாமலே எடுக்கும் காலம் மின்னொளி வீச்சியோடு வந்தது. 1930களில் அமெரிக்காவின் ஹரல்ட் எட்ஜேட்டன் வளர்த்தெடுத்த அக்கருவி, கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பங்கு மட்டுமே ஒளிர்ந்து அசைவை உறையவைத்தது. வில்லையின் கதை இன்னும் சுவையானது. 1956 இல் யப்பானின் நிக்கோன் நிறுவனம் வெளியிட்ட மைக்ரோ நிக்கோர் வில்லை, பூச்சிக்காக உருவானதன்று. கோடுகள் நெருங்கிய கஞ்சி எழுத்துக்களை நுண்படச்சுருளில் தெளிவாகப் பதிவதற்கென்றே செய்யப்பட்டது. எழுத்துக்குப் பிறந்தது எறும்புக்கு உதவிற்று.

இன்று தொடங்குவோருக்கு விலையுயர்ந்த வில்லை கட்டாயமில்லை. சாதாரண வில்லைக்கும் கமராவுக்கும் இடையே ஒரு வெற்றுக்குழாயைப் பொருத்தினாலே போதும். ஃபெயார்சைல்டின் நெடுங்கமராவும் அதே தத்துவந்தான். ஹூக்கின் மதுசாரத்துக்கு மாற்று விடியற்காலைக் குளிர். வெயில் ஏறுமுன் தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் பனித்துளியோடு அசையாதிருக்கும். சிலர் பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கிறார்கள். அவ்வாறு எடுத்தால் படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. முசுறை மட்டும் தொடக்கத்தில் தேடிப் போகவேண்டாம். மாமரத்துக் கிளையில் அது ஓரிடத்தில் நிற்காது. கமரா பிடித்த கையையும் கடிக்கும்.