முட்டுக்கால் அணையோடு வந்ததா? தென்னிந்திய ஃபுளோரைடு நோய் வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் சிறுவர்களின் முழங்கால்கள் உள்வாங்கி முட்டிக்கொள்ள, கணுக்கால்கள் விலகி நிற்கும் முட்டுக்கால் நோயை இந்திய மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும். 1973இல் 'லான்செட்' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை இன்றும் மேற்கோளாகிறது. நல்கொண்டா மாவட்டத்தில் இந்நோய் அண்மைக்காலத்தது, நாகார்ஜுனசாகர் அணைக்குப் பின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததோடு தொடர்புடையது என்பது அவர்களின் வாசிப்பு. அந்நிறுவனத்தின் பின்னாளைய ஆய்வுகள் இதனோடு சோளத்தையும் சேர்த்தன. மண்ணின் காரத்தன்மையால் சோளத்தில் மாலிப்டினம் கூடுகிறது, அது உடலின் செம்புச் சமநிலையைக் கெடுக்கிறது, எலும்பு நலிகிறது என்பது அந்த விளக்கம்.

சோளத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. சோள உணவில் ஃபுளோரைடு உடலில் கூடுதலாகத் தங்குகிறது என்று 1977இல் லட்சுமையாவும் ஸ்ரீகண்டியாவும் காட்டினர். என் கருத்து வேறுபாடு "புதியது" என்ற முடிவோடுதான்.

அம்முடிவு பழைய ஆவணங்களின் மௌனத்தைச் சார்ந்தது. 1937இல் ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்ட், நாயர் ஆகியோர் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்து எலும்பு ஃபுளோரைடு நோயை விவரித்தனர். அவர்கள் பெரிதும் கவனித்தது விறைத்த முதுகெலும்பையும் சுண்ணமேறிய தசைநார்களையும். 1940இல் பண்டிட், ராகவாச்சாரி, ராவ், கிருஷ்ணமூர்த்தி எழுதிய ஆய்வின் தலைப்பையே சற்று நின்று படிக்க வேண்டும். சிறுவர்களிடம் பற்சிப்பியின் கறை, பெரியவர்களிடம் கடுமையான எலும்பு மாற்றம் என்று அது நோயை வயதுவாரியாகப் பிரித்துவிடுகிறது. சிறுவர்களிடம் பல்லையும் பெரியவர்களிடம் எலும்பையும் தேடிய ஆய்வில், வளரும் காலின் வளைவு எந்தக் கேள்விக்கும் விடையாக வந்திருக்க முடியாது. அது அங்கே இருந்தது என்று இதனால் நிறுவ இயலாது. இல்லை என்று முடிவுகட்டவும் இயலாது.

உடற்கூறும் இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. தொடையெலும்பின் கீழ்முனையிலும் கணைக்காலெலும்பின் மேல்முனையிலும் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடும் முன்புதான் முட்டுக்கால் உருவாகிறது. கால்சியம் போதாத குழந்தையின் எலும்பில் கனிமம் சரிவர ஏறாது. நிற்கும்போது எடை தாங்காமல் வளையும். வளைந்தபின் முழங்காலின் வெளிப்புறத்தில் அழுத்தம் கூடி, அப்பக்க வளர்ச்சி மேலும் மந்தமாகும். வளைவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். வளர்ந்தவரிடம் இதற்கு வழியில்லை. அங்கே எலும்பு அடர்ந்து, முதுகெலும்பின் தசைநார்களும் முன்கையின் எலும்பிடைச் சவ்வும் எலும்பாகின்றன.

வலுவான எதிர்ச்சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. வட கேப் பகுதியின் வறண்ட கென்ஹார்ட் வட்டாரத்தில் முட்டுக்கால் உள்ளிட்ட எலும்புக் கோளாறு ஃபுளோரைடோடு தொடர்புடையது என்று 1962இல் ஜாக்சன் எழுதிவிட்டார். நாகார்ஜுனசாகர் நிறைவுறுவதற்கு முன்பே, அதன் பாசனம் எட்டாத நாட்டில் எழுதப்பட்டது அது. அணை இந்நோயைக் கூட்டியிருக்கலாம். பிறப்பித்தது என்பதற்கு இந்தச் சான்று இடம் தரவில்லை. கால்சியம் குறைந்த குழந்தைகளே ஃபுளோரைடால் கடுமையாக ஊனமுறுகிறார்கள் என்ற தியோத்தியா குழுவின் ஆய்வுகள், அணையைவிடச் சோற்றுத்தட்டை உற்றுப்பார்க்கச் சொல்கின்றன.

என் வாதத்துக்கு ஒரு தடையும் உண்டு. அணைக்கு முன், 1955இல், அதே நல்கொண்டா மாவட்டத்து எலும்பு ஃபுளோரைடு நோயைச் சித்திக்கி ஆராய்ந்தார். அவருடைய அக்கறை முதுகெலும்பிலும் நரம்புப் பாதிப்பிலும் குவிந்திருந்தது. அங்கு முட்டுக்கால் அரிதாக இருந்ததாலா, பார்வை வேறெங்கோ இருந்ததாலா? நல்கொண்டாவில் நோய் தொடங்கிய காலம் இன்னும் தீராத கேள்விதான்.

விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வறள்காட்டுக்கு இது தொலைதூர விவாதமல்ல. ஃபுளோரைடு மிகுந்த நீர் காணப்படும் மாவட்டங்களாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் குறிப்பிடுபவற்றில் விருதுநகரும், அக்கம்பக்கத்து இராமநாதபுரம், சிவகங்கையும் உண்டு. இந்தியத் தரநிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. அணையும் பெரும் பாசனமும் இருந்தால்தான் முட்டுக்கால் வரும் என்று நம்பினால், கண்மாயும் போர்வெல்லுமாக வாழும் இந்தச் சீமையில் யாரும் குழந்தைகளின் காலை அளக்கப் போவதில்லை. அந்த வாசிப்பை நான் இவ்வளவு வலிந்து மறுப்பது இதற்காகத்தான்.

இங்கே பயிலும் இயன்முறை மருத்துவ மாணவர் முழங்கால் வலியோடு வருபவரிடம் தேய்மானம் என்று எழுதும் முன், சிறுவயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தார் என்று கேட்க வேண்டும்; பற்களைப் பார்க்க வேண்டும்; முழங்கால்கள் ஒட்டி நிற்கையில் கணுக்கால்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் குறித்துவைக்க வேண்டும். முதுகு அசையாமல் கெட்டியாக நின்றால், தசைநாரே எலும்பாகியிருக்கக்கூடும். எக்ஸ்-கதிர்ப் படம் பார்க்காமல் வலிந்து திருப்பினால் எலும்பு முறியவும் தண்டுவடம் நசுங்கவும் இடமுண்டு. நெல்லூர் ஆவணங்கள் கேட்காமல் விட்ட கேள்வியை ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டு எழுதிவைத்தால்தான், இந்த மண்ணில் நோயின் காலத்தைப் பற்றி நாளை உறுதியாகப் பேச முடியும்.