பனி நாட்டு வீட்டுக்கு ஒரு கஞ்சிப் பூச்சு

இந்த வாரம் கொஞ்சம் தூரமா போகப் போறோம், சுவீடன் நாட்டுக்கு. எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அங்க வேலைக்குப் போயிருக்கான். அவன் அனுப்பின போட்டோவுல ஒரு கிராமம். வீடு, மாட்டுத்தொழுவம், வைக்கோல் கொட்டகை, எல்லாமே மரம், எல்லாமே ஒரே சிவப்பு. மூலைப் பலகையும் ஜன்னல் சட்டமும் மட்டும் வெள்ளை. ஏன் இப்படின்னு கேட்டா அவனுக்குத் தெரியல. தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க இது பெயிண்ட் கதை மட்டும் இல்ல, விவசாயி கதைன்னு புரிஞ்சுது.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஊர்ல சுவருக்கு எதிரி ஐப்பசி கார்த்திகை மழை. பனி நாட்டுலயும் தண்ணிதான் எதிரி, ஆனா அது ரெண்டு பக்கமும் இருந்து வரும். வெளியில மழையும் உருகுற பனியும். உள்ள அடுப்பு எரியுது, சோறு வேகுது, மனுஷன் மூச்சு விடுறான், துணி காயுது. அந்த ஈரக் காத்து சுவர் வழியா மெதுவா வெளிய போகப் பார்க்கும். வெளிப்பக்கம் ஜில்லுன்னு இருக்கிற இடத்துல அது தண்ணியா மாறிடும். குளிர் பானம் வெச்ச டம்ளர் வெளியில வேர்க்குதே, அதே கதை. அந்தத் தண்ணி உறைஞ்சா நூத்துக்கு ஒன்பது பங்கு பருத்துடும். செங்கல், காரைன்னா வெடிப்பு. மரம்னா உறைஞ்சது உருகி, காய வழி இல்லாம மக்கும். அதனால குளிர் நாட்டுல வெளிச்சுவருக்கு ரெண்டு வேலை. வெளி ஈரத்தை உள்ள விடக்கூடாது, உள் ஈரத்தை வெளிய விடணும். இந்த ரெண்டாவது வேலையை மறந்த ஒவ்வொரு தடவையும் அந்த நாட்டுக்காரங்க வீட்டை இழந்திருக்காங்க.

பழைய காலத்துல சுவீடன் விவசாயி வீடு முழு மரத்தாலதான். பைன் மரத்தைச் செதுக்கி, ஒண்ணு மேல ஒண்ணா படுக்க வெச்சு, மூலையில ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக் கட்டுவாங்க. நடுவுல இருக்கிற இடுக்குல பாசியைத் திணிப்பாங்க. கூரையில மரப்பட்டை பரப்பி, அது மேல புல்லோட வெட்டின மண் கட்டி அடுக்குவாங்க. சுவருக்கு எந்தப் பூச்சும் கிடையாது. வெயிலும் பனியும் பட்டு மரம் சாம்பல் நிறமாகி நிக்கும். 1700கள்ல அந்த நாட்டுக் கிராமங்களைப் பார்த்திருந்தா பெரும்பாலும் சாம்பல் நிறமாத்தான் தெரிஞ்சிருக்கும். இப்ப நாம படத்துல பார்க்கிற சிவப்பு பின்னாடி வந்தது.

அந்தச் சிவப்பு வந்த இடம் ஃபாலுன். டாலர்னா மாகாணத்துல இருக்கிற ஊர். அங்க பெரிய செம்புச் சுரங்கம். 1288-லயே அந்தச் சுரங்கத்துல ஒரு பங்கு கை மாறினதுக்கு எழுத்துச் சான்று இருக்கு. 17-ஆம் நூற்றாண்டுல சில காலம் ஐரோப்பாவுக்கு வேண்டிய செம்புல பெரும்பங்கு இந்த ஒரே ஊர்ல இருந்து போச்சாம். சுரங்கத்தைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா அந்த ஊர்க்காரங்க ஒரு ஆட்டைக் கைகாட்டுவாங்க. மேயப் போன கோரேங்கிற ஆடு கொம்புல சிவப்பு மண்ணோட வீடு திரும்புச்சாம். மண் எங்க ஒட்டுச்சுன்னு பின்னாலயே போய்ப் பார்த்தா செம்பு. இது கர்ணபரம்பரைக் கதைதான். ஆனா ஆடு வளர்க்கிறவங்களுக்கு நம்பக்கூடிய கதை. நாம போகாத இடத்துக்கெல்லாம் ஆடு போகும்.

செம்பு எடுத்த பிறகு ஒதுக்கின கல்லும் மண்ணும் மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. அதுல இரும்பு அதிகம். வருஷக்கணக்கா மழையில நனைஞ்சு, காத்துப் பட்டு, அது காவி மண்ணா மாறுச்சு. அந்த மண்ணைத் தண்ணியில கழுவி, வண்டலைக் காயவெச்சு, சூளையில சுட்டு, அரைச்சா சிவப்புப் பொடி. சூடு ஏற ஏற நிறம் அடர்த்தியாகும். செங்கல் சூளை போட்டவங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது இல்ல.

இந்தப் பொடியை முதல்ல கையில எடுத்தது ராஜாதான். 16-ஆம் நூற்றாண்டுல மூன்றாம் யோஹான்ங்கிற ராஜா அரண்மனைக் கூரைக்கு அடிக்க ஃபாலுன்ல இருந்து சிவப்பு வரவழைச்சார். அப்புறம் பிரபுக்கள். அவங்களுக்கு ஹாலந்து, ஜெர்மனியில இருக்கிற மாதிரி செங்கல் மாளிகை வேணும்னு ஆசை. செங்கலுக்குக் காசு ரொம்ப ஆகும். மர வீட்டுக்குச் சிவப்பு அடிச்சா தூரத்துல இருந்து பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும். அவ்வளவுதான் விஷயம். நம்ம ஊர்ல சிமெண்ட் சுவர்ல கல் மாதிரி கோடு போடுறோமே, அது மாதிரி.

1764-ல இருந்து ஃபாலுன்ல இந்தப் பொடியை முறையா, பெரிய அளவுல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. விலை மலிஞ்சுது. 19-ஆம் நூற்றாண்டுல கிராமம் கிராமமா பரவுச்சு. அதுக்குள்ள பெரிய வீட்டுக்காரங்க வெள்ளை, மஞ்சள்னு வேற நிறத்துக்குப் போயிட்டாங்க. அவங்க விட்ட நிறத்தை விவசாயி எடுத்துக்கிட்டான். பக்கத்து நாடான பின்லாந்துல ‘சிவப்புக் குடிசையும் உருளைக்கிழங்கு நிலமும்’னு ஒரு வழக்கு இருக்கு. சொந்தமா சின்ன வீடு, சாப்பிட ஒரு துண்டு நிலம், மனுஷனுக்கு இது போதும்னு அர்த்தம். நம்ம ஆளுங்க சொல்ற காணி நிலம் மாதிரிதான்.

சரி, இந்தப் பூச்சை எப்படிச் செய்யறாங்க? இங்கதான் எனக்கு ஆச்சரியம். இது கஞ்சிங்க! பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிக்கணும். அதுல அன்னபேதி உப்பு. கடலைச் செடி மஞ்சளடிச்சா இரும்புச் சத்துக்குத் தெளிக்கிறோமே, அதே அன்னபேதிதான். அப்புறம் ரைங்கிற தானியத்தோட மாவு. கோதுமைக்குத் தம்பி மாதிரி ஒரு பயிர் அது, ஏழை மண்ணுலயும் குளிர்லயும் விளையும். மாவு வெந்து கஞ்சி பதம் வந்ததும் சிவப்புப் பொடி. கடைசியில கொஞ்சம் ஆளி விதை எண்ணெய். மாவு பசை மாதிரி பிடிச்சுக்கும். அன்னபேதி பூஞ்சாணத்தைத் தடுக்கும். இரும்புப் பொடி வெயிலை மறைக்கும். எண்ணெய் மழையைக் கொஞ்சம் தள்ளிவிடும். மாவு அவன் வயல்ல விளைஞ்சது. வெளியில காசு கொடுத்து வாங்கினது பொடியும் உப்பும்தான்.

இந்தப் பூச்சு பளபளன்னு தோல் மாதிரி படியாது. மரத்தோட சொரசொரப்புக்குள்ள போய் உக்காந்துக்கும். அதனால சுவர் மூச்சு விடும். வருஷம் ஆக ஆக மேல்பக்கம் பொடிப் பொடியா உதிரும். சாய்ஞ்சு நின்னா சட்டையில ஒட்டும். ஆனா பாளம் பாளமா உரியாது. பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு, கட்டையான பிரஷ்ஷால தேய்ச்சு, உதிருற பொடியைத் தட்டிட்டு, மேலயே அடுத்த பூச்சு. சுரண்ட வேண்டாம், பட்டி பார்க்க வேண்டாம். இழைப்புளி போட்டு வழுவழுன்னு ஆக்கின மரத்துல இது நிக்காது. ரம்பம் அறுத்த சொரசொரப்பு அப்படியே இருக்கணும்.

அடுத்து சுவருக்கு மேல அடிக்கிற பலகை. பலகையைக் கையால அறுத்த காலத்துல அது பணக்காரன் பொருள். 1849-ல சுவீடன்ல டுனாடால்ங்கிற ஊர்ல முதல் நீராவி மர அறுவை ஆலை வந்துச்சு. அதுக்குப் பிறகு பலகை மலிஞ்சுது. விவசாயி தன் மரச்சுவருக்கு மேல ஒரு சட்டை மாதிரி பலகை அடிச்சான். செங்குத்தா ஒரு வரிசை, இடைவெளியை மூட மேல இன்னொரு வரிசை. இதுல சில நுணுக்கம் இருக்கு:

பலகை ஈரத்துல விரியும், காய்ஞ்சா சுருங்கும். மேல் பலகையில அடிக்கிற ஆணி கீழ்ப் பலகையையும் சேர்த்துப் பிடிச்சா ஏதோ ஒண்ணு வெடிச்சுடும். அசைய இடம் விட்டு அடிக்கணும்.

மரத்தோட வைரம் பாய்ஞ்ச பக்கம் வெளிய பார்க்கணும்.

பலகையோட அடி முனையைச் சாய்வா அறுக்கணும். தண்ணி முனையில நிக்காம சொட்டிடும். மரம் தண்ணி குடிக்கிறது அதிகமா இந்த அறுத்த முனை வழியாத்தான்.

பலகை மண்ணைத் தொடவே கூடாது. கல் அடித்தளத்துக்கு மேல, தரையில இருந்து ஒரு அடியாவது உயரத்துல நிக்கணும். கூரைத் தண்ணி தரையில பட்டுத் தெறிக்கிற உயரம் அது.

பின்னாடி வந்தவங்க இன்னொண்ணு சேர்த்தாங்க. பலகைக்கும் உள் சுவருக்கும் நடுவுல ஒரு இஞ்ச் அளவுக்குக் காத்துப் போக இடம். மேலயும் கீழயும் திறப்பு, எலி புகாம ஒரு வலை. பலகையைத் தாண்டி ஈரம் வந்தாலும் அந்த இடத்துல வழிஞ்சு காய்ஞ்சிடும். ஒரு பலகை மக்கினா அந்த ஒரு பலகையைக் கழட்டி மாத்துவாங்க. வீட்டுக்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தி வந்து பார்ப்பான். அடியில மண் ஏறியிருக்கா, செடி சுவரை ஒட்டி வளருதா, கத்தி முனையால குத்தினா மரம் மெத்துன்னு போகுதா. பராமரிப்புன்னா அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டுல ‘பராமரிப்பே வேண்டாம்’னு ஒரு வார்த்தை வந்துச்சு. ஆஸ்திரியாவுல லுட்விக் ஹாட்ஷெக்ங்கிறவர் சிமெண்டையும் கல்நாரையும் கலந்து தகடு செய்யற முறையைக் கண்டுபிடிச்சு 1901-ல காப்புரிமை வாங்கினார். பெயிண்ட் வேண்டாம், மக்காது, எரியாதுன்னு அது ஐரோப்பா முழுக்கச் சுவர் ஏறுச்சு. அந்த நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய் தரும்னு பின்னாடி தெரிஞ்சுது. 2005-ல இருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை. நம்ம மாட்டுக் கொட்டகை மேல கிடக்கிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அதே ஜாதிதாங்க. இங்க இன்னும் விக்குது. உடைச்சு, அறுத்துத் தூசி கிளப்பாதீங்க.

1960, 70கள்ல பிளாஸ்டிக் பெயிண்ட் வந்துச்சு. பளபளப்பு, நிறம் மங்காதுன்னு மர வீடுகளுக்கு அடிச்சாங்க. அது மரத்துக்கு மேல ரப்பர் சட்டை போட்ட மாதிரி ஆச்சு. எங்கயாவது ஒரு விரிசல் வழியா உள்ள போன தண்ணி வெளிய வர முடியல. மேல பார்த்தா பெயிண்ட் நல்லா இருக்கு, உள்ள மரம் புட்டு மாதிரி உதிருது. 1973-ல எண்ணெய் விலை ஏறினதும் சூடு வெளிய போகக்கூடாதுன்னு வீட்டை இன்னும் இறுக்கி அடைச்சாங்க. ஈரமும் சேர்ந்தே அடைபட்டுச்சு.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. 1980களுக்குப் பிறகு மரச் சட்டம் வெச்ச வீடுகளுக்கு வெளியில தெர்மாக்கோல் ஒட்டி, அதுக்கு மேல நேரா மெல்லிசா காரை பூசுற முறை பரவுச்சு. நடுவுல காத்து இடைவெளி கிடையாது. ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படிக் கட்டினாங்க. ஜன்னல் ஓரத்துல, ஆணி அடிச்ச இடத்துல மழை ஈரம் புகுந்துச்சு, காய வழி இல்லாம மரச் சட்டம் பூஞ்சாணம் பிடிச்சுது. கடன் வாங்கி வீடு கட்டினவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. அப்ப எல்லாரும் அப்படித்தான் கட்டினாங்கன்னு கட்டினவங்க தரப்புல வாதம். 2015-ல சுவீடன் உச்ச நீதிமன்றம் அந்தச் சுவரைக் குறையுள்ளதுன்னு சொல்லி, வீட்டுக்காரங்க பக்கம் தீர்ப்புக் கொடுத்துச்சு. எல்லாரும் செய்யறாங்கங்கிறதுக்காக ஒரு வேலை சரியான வேலை ஆகிடாது.

இதுல நமக்கு என்னன்னு கேக்கலாம். நமக்கு உறைபனி இல்ல. ஆனா மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் மூச்சு விடுற சுவர்தான். நம்ம பெரியவங்க சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் சேர்த்தாங்க. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சு, அடியில காவிப் பட்டை தீட்டினாங்க. அதுவும் உதிர்ந்து உதிர்ந்து புதுசாகிற பூச்சு. எங்க தெருவுல ஒரு பழைய மண்சுவர் வீட்டுக்கு, வருஷா வருஷம் பூச ஆள் கிடைக்கலைன்னு வெளியில சிமெண்ட் பூசினாங்க. தரையில இருந்து ஏறின ஈரம் சிமெண்டுக்குப் பின்னால தங்குச்சு. ஒரு அடைமழையில சிமெண்ட் பாளமா விழுந்துச்சு, கூடவே மண்ணும் வந்துச்சு. உள்ள பாட்டி படுத்திருந்தாங்க. வேற பக்கத்துச் சுவர்ங்கிறதால தப்பிச்சாங்க.

அதனால சுவருக்கு மேல எதைப் போடுறதா இருந்தாலும், கடைக்காரர் கிட்டயும் கொத்தனார் கிட்டயும் மூணு கேள்வி கேளுங்க. உள்ள போன ஈரம் எந்த வழியா வெளிய வரும்? அடிப்பக்கம் தண்ணி தேங்காம இருக்குமா? ஒரு இடம் கெட்டா அந்த இடத்தை மட்டும் சரி பண்ண முடியுமா? பலகையோ, தகடோ, சிமெண்டோ, பெயிண்டோ, கேள்வி ஒண்ணுதான். ‘பராமரிப்பே வேண்டாம்’னு பதில் வந்தா இன்னொரு தடவை யோசிங்க.

ஃபாலுன் சுரங்கத்தை 1992-ல மூடிட்டாங்க. செம்பு தீர்ந்து போச்சு, ஒதுக்கின மண் தீரல. அந்தக் குவியல்ல இருந்து இன்னைக்கும் சிவப்புப் பொடி தயாராகுது. உங்க ஊர்ல சுண்ணாம்புக்கு, மண்சுவருக்கு என்னென்ன சேர்ப்பாங்கன்னு வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டு எழுதி வையுங்க. எனக்கும் சொல்லுங்க, இங்க போடுறேன்.