லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் தேர்வு: நேர்காணலுக்கு வலு சேர்ந்த வரலாறு

அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் தமக்கெனத் தனிக் காவல்துறை வைத்திருக்கின்றன. அதன் தலைவரை அமர்த்துவதும் நகர நிர்வாகமே. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இத்தேர்வு முறையை மாற்றிவந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. நேர்காணலில் என்ன கேட்கிறார்கள் என்பதைவிட, கேட்பவர்களுக்குப் பின்னாளில் என்ன அதிகாரம் எஞ்சுகிறது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பது இதன் வாதம்.

மேயரின் பிடி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைவர் பதவி நகர அரசியலோடு பிணைந்திருந்தது. பெர்க்லி நகரில் புகழ்பெற்ற சீர்திருத்தவாதி ஆகஸ்ட் வால்மர் 1923இல் அழைத்துவரப்பட்டும் ஓராண்டே நீடித்தார். 1938 ஜனவரியில், நகர ஊழலைத் துப்பறிந்துவந்த ஹாரி ரேமண்டின் காரில் குண்டு வெடித்தது. காவல்துறைக் கேப்டன் ஒருவரே அதற்காகத் தண்டிக்கப்பட்டார். அதே ஆண்டு மேயர் ஃபிராங்க் ஷாவை வாக்காளர்கள் திருப்பி அழைத்தனர். காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் டேவிஸும் விலக நேர்ந்தது.

தேர்வு கட்டிய கோட்டை

அரசியல் தலையீட்டைத் தடுக்க, 1930களின் நகரச் சாசனத் திருத்தங்கள் காவலர்களுக்குப் பணிப் பாதுகாப்பு அளித்தன. 1937இல் அது தலைவருக்கும் நீண்டது. அத்திருத்தங்களுக்காக உழைத்த அதிகாரிகளில் ஒருவரான வில்லியம் பார்க்கர், குடிமைப் பணித் தேர்வு வழியே 1950இல் தலைவரானார். 1966இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். 1965இல் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரம்கூட அவரை அசைக்கவில்லை.

இம்முறை மேயரின் தலையீட்டைக் குறைத்தது. கூடவே மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையையும் குறைத்தது. 1991 மார்ச்சில் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்த காணொளி வெளியானபின், தலைவர் டேரில் கேட்ஸை, துறையை மேற்பார்வையிடும் காவல் ஆணையம் கட்டாய விடுப்பில் அனுப்பியது. நகரமன்றம் தலையிட, அவர் விரைவிலேயே பணிக்குத் திரும்பினார். மேயர் டாம் பிராட்லியும் கேட்ஸும் ஓராண்டுக்கும் மேலாக நேரில் பேசிக்கொள்ளாமலே நகரக் காவல் நடந்தது.

1992: காலவரையறை

கிங் சம்பவத்தை அடுத்துக் காவல்துறையை ஆராய்ந்த வாரன் கிறிஸ்டோபர் தலைமையிலான குழு 1991 ஜூலையில் அளித்த அறிக்கை, தலைவர் பதவிக்கு ஐந்தாண்டு வரம்பும், ஒருமுறை மட்டும் நீட்டிப்பும் பரிந்துரைத்தது. கிங் வழக்கில் காவலர்கள் விடுவிக்கப்பட்டதை அடுத்து 1992 ஏப்ரலில் வெடித்த கலவரத்துக்குப் பின், ஜூன் 2 வாக்கெடுப்பில், இவ்வரம்பைக் கொண்டுவந்த சாசனத் திருத்தம் 'எஃப்' நிறைவேறியது. ஐவர் கொண்ட காவல் ஆணையம் விண்ணப்பதாரர்களை நேர்கண்டு மூவர் பெயரை மேயருக்கு அனுப்பும். மேயர் ஒருவரைத் தெரிவுசெய்வார். நகரமன்றம் ஒப்புதல் தரும்.

கேட்ஸுக்குப்பின், பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த வில்லி வில்லியம்ஸ் நகரின் முதல் கறுப்பினத் தலைவரானார். 1997இல் ஆணையம் அவருக்கு இரண்டாம் காலம் மறுத்தது. துறைக்குள்ளேயே வளர்ந்த பெர்னார்ட் பார்க்ஸுக்கும் 2002இல் அதே முடிவு. அடுத்து நியூயார்க், பாஸ்டன் காவல்துறைகளை நடத்திய வில்லியம் பிராட்டன் வந்தார்; 2007இல் அவருக்கு நீட்டிப்புக் கிடைத்தது. ஐந்தாண்டுச் செயல்பாட்டை முன்வைத்து நடக்கும் இம்மறுபரிசீலனைதான் உண்மையான நேர்காணல்.

2009இல் மேயரிடம் சென்ற மூவர் சார்லி பெக், மைக்கேல் மூர், ஜிம் மெக்டொனல். மூவரும் வெவ்வேறு ஆண்டுகளில் அதே நாற்காலியில் அமர்ந்தனர். மெக்டொனலின் முறை 2024இல் வந்தது. வெளியாட்களுக்குக் கதவு திறந்தும் தேர்வுவட்டம் அதிகம் விரியவில்லை என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

மேயரின் விருப்பத்தில் அமர்ந்தவர் ஊழலுக்கு இடம்கொடுத்தார். நீக்க முடியாதபடி அமர்ந்தவர் யாருக்கும் கட்டுப்படவில்லை. 1992 திருத்தம் இரண்டுக்கும் நடுவே வழி கண்டது. அறைக்குள் நடக்கும் கேள்வி பதில் ஒருவரின் பேச்சுத்திறனையே காட்டும். கேட்ட ஆணையமே ஐந்தாண்டு கழித்து அதே மனிதரை மீண்டும் எடைபோட முடியும் என்ற ஏற்பாடே அந்நேர்காணலுக்கு வலுவூட்டுகிறது.